காலில் தெம்பு குறையும்போது: முதுமையின் தசையிழப்பை வீட்டிலேயே அளந்து ஈடுகட்டும் முறை

என் தாயார் 71 வயதில் இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு, கூடத்தில் கிடக்கும் தாழ்வான சோபாவிலிருந்து எழுவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஆடிக்கொண்டு, மூன்றாவது ஆட்டத்தில் கைகளை ஊன்றி எழத் தொடங்கினார். "முட்டி வலிக்குதாம்மா?" என்று கேட்டதற்கு, "வலியெல்லாம் இல்லப்பா, காலுல தெம்பு இல்ல" என்றார். வீட்டில் யாரும் அந்தப் பதிலைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வலிக்குத் தடவும் தைலம்தான் வாங்கி வந்தோம். வலி வேறு, தெம்பின்மை வேறு என்று அவர் சரியாகவே சொல்லியிருந்தார் என்பது எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின.

வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைந்து, எழுவது, நடப்பது, படியேறுவது போன்ற வேலைகளே பாரமாகிப் போகும் இந்நிலைக்கு மருத்துவத்தில் சார்க்கோபீனியா என்று பெயர். சதையையும் குறைவையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் இறுதியில் இப்பெயரை முன்மொழிந்தார். அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனிக் குறியீடு கிடைத்ததே 2016இல்தான். ஆகவே, குடும்ப மருத்துவரிடம் போய்ச் சொன்னால் "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் வருவதில் வியப்பில்லை. கீழே உள்ள வழிமுறை, மருத்துவமனையிலோ படுக்கையிலோ இல்லாமல், தம் வீட்டில் தாமே நடமாடிக்கொண்டிருக்கும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் அவர்களுடன் வசிப்பவர்களுக்கும் உரியது.

எடைக் கருவியை நம்ப வேண்டாம்

75 வயதை ஒட்டியவர்களிடம் எடுக்கப்பட்ட அளவீடுகளின்படி, தசையின் அளவு ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாகத்தான் கரைகிறது; வலிமையோ ஆண்டுக்கு 2.5 முதல் 4 விழுக்காடு வரை இறங்குகிறது. தசையை இயக்கும் நரம்பணுக்கள் எண்ணிக்கையில் குறைவதும், தசைக்குள் கொழுப்பு சேர்வதும், வேகமாகச் சுருங்கக்கூடிய இழைகள் மற்ற இழைகளைவிட முன்னதாக மெலிவதும் இதற்குக் காரணங்கள். கால் தடுக்கிய நொடியில் மற்றொரு காலை முன்னே வீசி ஊன்றி நம்மை விழாமல் காப்பவை அந்த வேக இழைகள்தாம். அவை மெலிந்துகொண்டிருக்கும்போதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடிவிட்டால், எடைக் கருவியின் முள் பத்து ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கும். "எடை அப்படியேதான் இருக்கு" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். நீரிழிவும் தொப்பையும் சேர்ந்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களிடம் இந்த ஏமாற்றம் மிகவும் சாதாரணம். தொடை இளைத்து வேட்டி தொளதொளப்பது, குக்கர் மூடியைத் திறக்க ஆள் தேடுவது, ஈரத் துணியை முறுக்கிப் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுவது ஆகியவை எடையைக் காட்டிலும் நேர்மையான அறிகுறிகள்.

முதலில் அளந்து எழுதி வையுங்கள்

அளவீட்டுக்குத் தேவையானவை ஒரு மர நாற்காலி, கைப்பேசியில் உள்ள நொடிமானி, தையற்காரரின் அளவு நாடா ஆகிய மூன்று மட்டுமே. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். எழும் வேகத்தில் அது தரையோட்டின் மேல் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். கை இல்லாத, ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமுள்ள மர நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட்டு, பெரியவரை அதில் அமரச் செய்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். "தொடங்குங்கள்" என்றதும் அவர் முழுதாக எழுந்து நிமிர்ந்து, மீண்டும் முழுதாக அமர்ந்து, இவ்வாறு இயன்ற வேகத்தில் ஐந்து முறை எழ வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே, தாங்கிப் பிடிக்கும் தொலைவில் நில்லுங்கள். தசையிழப்பு குறித்த ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி, இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் நொடிமானியே தேவையில்லை.

அடுத்தது நடை. இக்காலத்து வீடுகளில் பதிக்கும் தரையோடு பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி என்பதால், பத்து ஓடுகளை எண்ணினால் 20 அடி, அதாவது 6 மீட்டரைச் சற்றே தாண்டும். தொடக்கக் கோட்டுக்கு இரண்டு எட்டு முன்பிருந்தே, வழக்கமான வேகத்தில் அவரை நடக்கவிட்டு, அந்தப் பத்து ஓடுகளைக் கடக்கும் நேரத்தை மட்டும் குறியுங்கள். நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைவான வேகம், அதாவது 6 நொடிக்கு மேல் ஆவது, மேற்சொன்ன அளவுகோலின்படி மெதுநடை.

மூன்றாவது கெண்டைக்கால். ஆடுசதை எங்கே மிகத் தடித்திருக்கிறதோ அங்கே நாடாவைத் தோலை அழுத்தாமல் சுற்றினால், ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. எல்லைகள், அவற்றுக்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்புண்டு. காலில் நீர்வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவு பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம். நாடாகூட இல்லாதவர்களுக்கு ஜப்பானின் காஷிவா நகரில் முதியவர்களிடம் சோதித்துப் பார்த்த ஓர் எளிய முறை இருக்கிறது: இரு கைகளின் கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் நுனி தொடச் சேர்த்து ஒரு வளையம் அமைத்து, தம் கெண்டைக்காலை அதன் தடித்த இடத்தில் சுற்றிப் பார்ப்பது. வளையம் மூடாமல் போனால் நல்லது. மூடியும் உள்ளே இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்கும் அபாயம் கூடுதல்.

இவற்றோடு ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைப்பது, அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பது, நாற்காலியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ எழுவது, பத்துப் படி ஏறுவது ஆகிய நான்கில் ஒவ்வொன்றுக்கும், சிரமமே இல்லை என்றால் 0, ஓரளவு சிரமம் என்றால் 1, மிகுந்த சிரமம் அல்லது முடியவே இல்லை என்றால் 2 மதிப்பெண். ஐந்தாவது, கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார் என்பது: ஒருமுறையும் இல்லை என்றால் 0, மூன்று முறை வரை 1, நான்கும் அதற்கு மேலும் 2. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகளைத் தனியாக இருக்கும்போது கேளுங்கள். பேரப்பிள்ளைகள் நடுவில் கேட்டால் எந்தத் தாத்தாவும் விழுந்ததை ஒப்புக்கொள்ள மாட்டார்.

மருத்துவரை முதலில் பார்க்க வேண்டியவர்கள்

எல்லாத் தெம்பின்மையும் வயதால் வருவதல்ல. சில வாரங்களுக்குள் திடீரென வந்த பலவீனம், ஒரு பக்கம் மட்டும் வலுவிழப்பது, முயலாமலே ஆறு மாதத்தில் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைவது ஆகியவற்றுக்குப் பின்னால் பக்கவாதம், தைராய்டு கோளாறு, கட்டுக்கடங்காத சர்க்கரை, வைட்டமின் பி12 அல்லது டி குறைபாடு, புற்றுநோய், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து என ஏதேனும் ஒன்று இருக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அண்மையில் கண் அல்லது குடலிறக்க அறுவைச் சிகிச்சை, கட்டுப்படாத ரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்கள் அனுமதி பெறாமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்க நேரிடும்.

மருந்து நாற்காலியில் இருக்கிறது

தசையிழப்பைக் குணப்படுத்தவென்று உறுதிசெய்யப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. தசைக்குச் சுமை கொடுத்து, அந்தச் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சியே முதன்மைச் சிகிச்சை. இங்கே ஒரு கசப்பான செய்தியைச் சொல்லியாக வேண்டும். "அப்பா தினமும் காலையில ஒரு மணி நேரம் வாக்கிங் போறார்" என்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நல்லதுதான் என்றாலும், தொடைத் தசைக்கு அது போதாது. சமதளத்தில் மெதுவாக நடக்கும்போது வேக இழைகளுக்கு வேலையே வருவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைச் சொல்வதோடு நிற்காமல், குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டலையும், மூன்று நாள் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சியையும் தனியாகக் கேட்கிறது. அமெரிக்காவில் எட்டு மையங்களில், 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் நடை, வலிமை, சமநிலை மூன்றையும் சேர்த்துப் பயிற்றுவித்து, இரு குழுக்களையும் சராசரியாக 2.6 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2014இல் வெளியானது. 400 மீட்டர் நடக்க இயலாத நிலைக்கு வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 30.1 விழுக்காடு, உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களில் 35.5 விழுக்காடு. இது மாயமாற்றம் இல்லை; ஆனாலும் கழிப்பறைக்குத் தானே போய் வருவதற்கும் பிறர் கையை எதிர்பார்ப்பதற்கும் இடையிலான கோட்டில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

தொடங்கும் இடம், அளந்து பார்த்த அதே நாற்காலி. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்தில் மூன்று நாள். பாதங்களை இடுப்பின் அகலத்துக்கு விரித்து, முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும் வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழ வேண்டும். சாயாமல் நேராக எழ முயல்வதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. அமரும்போது பொத்தென்று விழாமல், மனத்துக்குள் நான்கு எண்ணிக்கொண்டே மெல்ல இறங்க வேண்டும். இறங்கும்போது தாங்கும் தசைக்கும் பயிற்சியில் பெரும் பங்கு உண்டு. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டுமே தவிர, அடக்கக் கூடாது. அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். எட்டு முதல் பத்து முறை எழுந்து அமர்வது ஒரு சுற்று. முதல் வாரம் ஒரு சுற்று போதும், பிறகு இரண்டு, மூன்று எனக் கூட்டலாம். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் மடித்த போர்வையோ கெட்டித் தலையணையோ வைத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டால் வலி குறையும். வாரங்கள் செல்லச் செல்லப் போர்வையின் மடிப்பை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கடைசி இரண்டு முறை எழும்போது "இதற்கு மேல் ஓரிரு முறைதான் முடியும்" என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் அந்தச் சுமை போதவில்லை என்று பொருள். அப்போது ஒரு கிலோ அரிசியை மஞ்சப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டு கிலோ. வீட்டுக்குள் செய்யும் பயிற்சிகள் பலவும் பலனின்றிப் போவது இந்த இடத்தில்தான்: முதல் வாரம் செய்ததையே ஆறாவது மாதத்திலும் செய்துகொண்டிருப்பார்கள். உடல் அதற்கு எப்போதோ பழகியிருக்கும்.

நாற்காலியோடு சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று உள்ளங்கைகளைப் பதித்து மார்பைச் சுவரை நோக்கிக் கொண்டுபோய்த் தள்ளி வருவது தோளுக்கும் கைக்கும். வாசற்படியில் கம்பியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவது தொடைக்கும் இடுப்புக்கும். பழைய ஜீன்ஸ் துணியில் நீளப் பை தைத்து அரைக் கிலோ மணலை நிரப்பிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, அமர்ந்தபடியே காலை நீட்டி மடக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால் கைக்கு வேறு எடை வாங்கத் தேவையில்லை. இறுதியில், மேடையை ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொன்றின் விரல்நுனியோடு ஒட்டி நேர்க்கோட்டில் பத்து நொடி நிற்பது சமநிலைக்கு. ஈரத் தரையிலும், வழுக்கும் ரப்பர் செருப்போடும், கரண்டைக்குக் கீழே புரளும் சேலையோடும் வேட்டியோடும் எதையும் செய்ய வேண்டாம்.

பயிற்சியில்லாத நேரத்தில் பிள்ளைகள் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. "நீங்க உட்காருங்க, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று ஒவ்வொரு டம்ளர் தண்ணீரையும் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது பாசம்தான். ஆனால் ஒரு நாளில் அவர் நாற்காலியிலிருந்து எழ வேண்டிய இருபது தருணங்களை அது ஐந்தாகக் குறைத்துவிடுகிறது. தண்ணீர்ப் பானை அடுக்களையிலேயே இருக்கட்டும்.

தட்டில் என்ன இருக்கிறது

சுமை கொடுக்கப்பட்ட தசை தன்னைக் கட்டிக்கொள்ளப் புரதம் வேண்டும். வயதான தசைக்கு அதே வேலைக்கு இளம் தசையைவிடக் கூடுதலாக வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாகக் குறிக்கப்படும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் என்றால், 65 வயதைக் கடந்தவர்களுக்கு முதியோர் நல வல்லுநர்கள் 1.0 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். 55 கிலோ எடையுள்ள பெண்மணிக்கு இது நாளொன்றுக்கு 55 முதல் 66 கிராம்.

இப்போது வழக்கமான ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள். காலையில் மூன்று இட்லியும் சட்னியும் 7 கிராம். இரண்டு வேளைக் காப்பிப் பால் 6. மதியம் 100 கிராம் அரிசியின் சோறு 7, சாம்பாரில் கரைந்த பருப்பு 5, பொரியல் 2, தயிர் 3. இரவு "ரெண்டு இட்லி போதும்" என்றால் 4 முதல் 5. மொத்தம் 35 கிராம். வயிறு நிறைந்திருக்கும், தசை பட்டினி கிடந்திருக்கும். குறைவது பெரும்பாலும் காலையிலும் இரவிலும் என்பதால் சேர்க்க வேண்டியதும் அங்கேதான். காலையில் இரண்டு முட்டை சேர்ந்தால் 12 கிராம் கூடும். முட்டை சாப்பிடாதவர்கள் இட்லிக்குப் பதிலாகப் பருப்பு மிகுந்த அடை, பாசிப்பயற்றுத் தோசை, கெட்டிப் பொங்கல் என்று மாற்றலாம். மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல் 8 கிராமும், ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராமும் தரும். பல் இல்லாதவர்களுக்குப் பொட்டுக்கடலைத் துவையல், நன்கு மசித்த பருப்பு, பனீர், பாலில் கரைத்த கடலை மாவுக் கஞ்சி ஆகியவை உதவும். மீன் சாப்பிடுபவர்களுக்கு 100 கிராம் மீன் 20 கிராம் புரதம். இரவில் ஒரு டம்ளர் பால் 6 முதல் 7.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இப்பகுதி நிறைவுறாது. கொதித்து இறங்கும் அந்தப் பசை பெரும்பாலும் ஜெலட்டின். அதில் டிரிப்டோபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை, தசை கட்டுவதைத் தூண்டும் லியூசினும் குறைவு. ருசிக்குக் குடிக்கலாம், தசைக்கு அதன் பக்கத்தில் இருக்கும் கறித்துண்டுதான் பயன். டப்பாவில் வரும் புரதப் பொடிகளும், சாப்பிடவே முடியாதவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கட்டாயமல்ல. பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வசித்த, சராசரி வயது 87 ஆன 100 பேரிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரு மடங்குக்கும் மேலானது. பயிற்சி இல்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அதனால் வலிமை கூடவில்லை.

சிறுநீரகச் செயல்பாடு கணிசமாகக் குறைந்து, டயாலிசிஸ் இன்னும் தொடங்காதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. வைட்டமின் டி-யும் குறைபாடு இருந்தால் மட்டுமே. 60,000 யூனிட் பொட்டலங்களை எழுதிக் கொடுத்த வாரங்களுக்கு அப்பாலும் தாமாகத் தொடர்வது தவறு. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தபோது, விழுவதும் எலும்பு முறிவும் குறைவதற்குப் பதிலாகக் கூடின.

நோயில் படுத்தால்

ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசு கரைந்தது. ஆகவே காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்தால், மருத்துவர் தடுக்காதவரை, கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து சாப்பிடுவது, கழிப்பறைக்குத் துணையோடு நடந்து போவது, படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கும் வழக்கத்தையும் அப்போது சற்றுத் தளர்த்தி, தயிர், முட்டை, மசித்த பருப்பு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். வீடு திரும்பியபின் கையை ஊன்றாமல் எழவே முடியாதவருக்கு உடலியக்கச் சிகிச்சையாளரின் துணை தேவை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு என்பதால், அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

குணமான பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், பாதிச் சுமையில், ஒரே சுற்றில் தொடங்குங்கள். நாற்காலி அளவீட்டை மாதம் ஒருமுறை அதே நாற்காலியில், அதே வேளையில் எடுத்து, தினசரி நாட்காட்டியின் அந்தத் தாளிலேயே நொடிகளை எழுதிக் கிழித்து வையுங்கள். மாற்றம் கண்ணுக்குத் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். என் தாயாரின் முதல் தாளில் 19 என்று இருந்தது, அதுவும் கையை ஊன்றி. நான்காவது மாதத் தாளில் ஊன்றாமல் 13.